வெற்றிடத்துக்குள் என்ன இருக்கிறது?

கேள்வி:

நான் அலங்காநல்லூர் அருகே ஒரு பள்ளியில் அறிவியல் ஆசிரியையாக இருக்கிறேன். அப்பா எங்கள் ஊர் கூட்டுறவு சர்க்கரை ஆலையில் பேன்மேனாக, அதாவது 'பேன்' என்ற மூடிய வெற்றிடக் கொப்பரையில் பாகு காய்ச்சுபவராக இருந்து ஓய்வு பெற்றவர். 'வெற்றிடம் என்பது எந்தப் பொருளும் இல்லாத இடம்' என்று நான் பாடக்குறிப்பு எழுதிக்கொண்டிருந்ததை எட்டிப் பார்த்தவர், "எங்க பேன்ல வாக்குவம் 26 இஞ்ச் நிக்கும். உள்ள பாகு கொதிச்சுக்கிட்டே கிடக்கும். ஒண்ணுமே இல்லாத இடத்துல பாகு எப்படித்தா கொதிக்கும்?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. கூடவே இன்னும் இரண்டு சந்தேகங்கள். வாயு, வளி, வளிமம், ஆவி, காற்று என்று ஆளுக்கொன்று எழுதுகிறார்களே, எதற்கு எதைச் சொல்வது? 'விஷவாயு தாக்கிப் பலி' என்று செய்தித்தாளில் வருகிறதே, அது எந்த வாயு?

– ஓர் ஆசிரியை, அலங்காநல்லூர்

பதில்:

உங்கள் அப்பாவின் கேள்விக்குள்ளேயே பாதிப் பதில் இருக்கிறது. முதலில் அவருடைய 26-ஐப் பார்ப்போம்.

கடல் மட்டத்தில் நம்மைச் சுற்றியுள்ள காற்று, ஒரு கண்ணாடிக் குழாயில் பாதரசத்தை 760 மில்லிமீட்டர் உயரத்துக்குத் தாங்கிப் பிடிக்கும். அதாவது ஏறத்தாழ 30 அங்குலம். டாரிசெல்லி 1643-இல் கண்டது இது. பேனில் பொருத்தியிருக்கும் வாக்குவம் மீட்டர், வெளிக்காற்றைவிட உள்ளே அழுத்தம் எவ்வளவு குறைவு என்பதைத்தான் காட்டுகிறது. 30-இல் 26 குறைந்தால் மிச்சம் 4 அங்குலம், அதாவது ஏறக்குறைய 100 மில்லிமீட்டர். வெளி அழுத்தத்தில் 13 விழுக்காடு இன்னும் உள்ளேயே இருக்கிறது. எண்ணிக்கையில் சொன்னால், சாதாரணக் காற்றில் ஒரு கன சென்டிமீட்டரில் சுமார் 2.5 லட்சம் கோடி கோடி மூலக்கூறுகள் இருக்கும். பேனுக்குள் அதே இடத்தில் சுமார் 30,000 கோடி கோடி. இதைப் போய் 'ஒன்றும் இல்லாத இடம்' என்று எப்படிச் சொல்வது?

அந்த 13 விழுக்காடும் காற்று அல்ல. பெரும்பாலும் பாகிலிருந்து எழுந்த நீராவிதான். காற்று போய்விட்டது, நீராவி வந்து அமர்ந்திருக்கிறது. ஆலையில் வெற்றிடத்தை உண்டாக்குவதும் இந்த நீராவியை வைத்துத்தான். ஒரு லிட்டர் தண்ணீர் 100 டிகிரியில் ஆவியானால் சுமார் 1,700 லிட்டர் இடத்தை அடைத்துக்கொள்ளும். அந்த ஆவியைக் கண்டென்சருக்கு இழுத்து, குளிர்ந்த நீரைப் பாய்ச்சினால் மறுபடி ஒரு லிட்டராகச் சுருங்கிவிடும். காலியாகும் இடம்தான் வாக்குவம். குளிர்ந்து நீராகாத காற்று மட்டும் கொஞ்சம் மிஞ்சும். பம்பின் வேலை அதை வெளியேற்றுவது.

இவ்வளவு பாடு எதற்காக? உங்கள் பக்கத்துக் கிராமங்களில் கரும்புச் சாற்றைத் திறந்த கொப்பரையில் காய்ச்சி வெல்லம் எடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். பதம் வரும்போது பாகின் சூடு 115 டிகிரியைத் தாண்டும். அந்தச் சூட்டில் சர்க்கரையில் ஒரு பகுதி சிதைந்து கருகத் தொடங்கும். வெல்லத்தின் நிறத்திலும் மணத்திலும் அதற்குப் பெரும் பங்கு உண்டு. பேனிலோ அழுத்தம் 100 மில்லிமீட்டர்தான். அங்கே தண்ணீர் 52 டிகிரியிலேயே கொதித்துவிடும். கெட்டிப் பாகு என்பதால் 60, 65 டிகிரி வரை போகும். சர்க்கரை கருகாது, வெள்ளையாகப் படிகம் கட்டும். இங்கிலாந்தில் எட்வர்ட் சார்லஸ் ஹோவர்ட் 1810-களின் தொடக்கத்தில் கொண்டுவந்த முறை இது. அப்பா பேன் கண்ணாடி வழியாகப் பாகு குதிப்பதைப் பார்த்தபடி, கம்பியால் துளி எடுத்துக் கண்ணாடித் துண்டில் தேய்த்து மணி கட்டியிருக்கிறதா என்று பார்த்திருப்பார். அந்தத் துளி அவர் கையைச் சுட்டுப் பொசுக்கியிருக்காது. அழுத்தம் குறைந்ததால்தான் பாகு கொதித்தது என்று அவரிடம் சொல்லுங்கள்.

ஆகவே பாடக்குறிப்பை இப்படித் திருத்திக்கொள்ளலாம்: 'சுற்றியுள்ள காற்றழுத்தத்தைவிடக் குறைந்த அழுத்தம் நிலவும் இடம் வெற்றிடம். துகளே இல்லாத முழு வெற்றிடம் என்பது நெருங்கத்தான் முடியும், எட்ட முடியாத ஓர் எல்லை.'

வெற்றிடத்துக்குத் தரம் உண்டு. ஜெனீவா அருகே செர்ன் ஆய்வகத்தின் துகள்முடுக்கிக் குழாயில் இருப்பது வளிமண்டல அழுத்தத்தில் ஏறத்தாழ பத்து லட்சம் கோடியில் ஒரு பங்கு. பூமிக்கும் சூரியனுக்கும் இடைப்பட்ட வெளியில்கூட ஒரு கன சென்டிமீட்டருக்குச் சில துகள்கள் கிடைக்கும். நம் பக்கத்திலேயே ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. திருநெல்வேலி மாவட்டம் மகேந்திரகிரியில் உள்ள இஸ்ரோ வளாகத்தில், ராக்கெட் எஞ்சின் விண்வெளியில் பற்றிக்கொள்ளுமா என்று பார்க்கப் பெரிய அறைக்குள் வெற்றிடம் உண்டாக்குகிறார்கள். சிஇ20 கிரையோஜெனிக் எஞ்சினை 2025 பிப்ரவரியில் அங்கே வெற்றிடச் சூழலில் பற்றவைத்துச் சோதித்தார்கள். இங்கெல்லாம் பொறியாளர்கள் 'வெற்றிடம்' என்று மட்டும் சொல்லி நிறுத்துவதில்லை. எவ்வளவு என்ற எண்ணும் கூடவே வரும். உங்கள் அப்பா '26' என்று சேர்த்துச் சொன்னது அதே பழக்கம்தான்.

இன்னொரு தவறான எண்ணமும் மாணவர்களிடம் இருக்கும். வெற்றிடம் இழுக்கும் என்பது அது. உண்மையில் வெற்றிடம் எதையும் இழுப்பதில்லை, வெளியே இருக்கும் காற்றுதான் தள்ளுகிறது. பெரியாற்றுப் பாசனம் எட்டாத மேட்டு நிலத்தில் கிணற்று மோட்டார் வைத்திருப்பவர்களுக்கு இது அனுபவ பாடம். மோட்டார் உள்ளே அழுத்தத்தைக் குறைக்கும். கிணற்று நீரின் மேல் அழுத்தும் காற்று, தண்ணீரைக் குழாய்க்குள் ஏற்றும். அந்தக் காற்றால் அதிகபட்சம் 10.3 மீட்டர், அதாவது 34 அடி உயரத்துக்குத்தான் தண்ணீரைத் தாங்க முடியும். குழாய் உராய்வு, வால்வுக் கசிவு எல்லாம் போக நடைமுறையில் 20, 25 அடிதான் தேறும். கோடையில் நீர்மட்டம் அதற்குக் கீழே போனால் எத்தனை குதிரைத்திறன் மோட்டார் வைத்தாலும் தண்ணீர் ஏறாது. 'ஏர் பிடிச்சிருச்சு' என்று மோட்டாரை இன்னும் கீழே இறக்கி வைப்பார்கள். நீர்மூழ்கி மோட்டாருக்கு இந்தத் தொல்லை இல்லை. அது அடியிலிருந்து தண்ணீரைத் தள்ளுகிறது.

சமையலறையில் 'காலி' என்று தூக்கி வைக்கும் சிலிண்டரும் காலி அல்ல. 14.2 கிலோ எரிவாயு தீர்ந்த பிறகும் வெளிக்காற்றின் அழுத்தத்துக்குச் சமமாக உள்ளே வாயு மிச்சமிருக்கும். அதை வெளியே தள்ளத்தான் ஆளில்லை. அதனால்தான் தீர்ந்த சிலிண்டரிலும் ரெகுலேட்டரை மூடி, கழற்றியதும் மூடியைப் போடச் சொல்கிறார்கள்.

இனி உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருவோம்.

காற்று என்பது ஒரு கலவையின் பெயர். உலர்ந்த காற்றில் நைட்ரஜன் 78 விழுக்காடு, ஆக்சிஜன் 21, ஆர்கான் 0.93, மீதியில் கார்பன் டை ஆக்சைடும் மற்றவையும். ஆகவே 'ஆக்சிஜன் காற்று', 'குளோரின் காற்று' என்று எழுதுவது பிழை. பொருளின் மூன்றாம் நிலைக்குப் பெயர் வாயு அல்லது வளிமம். திண்மம், நீர்மம் என்று எழுதுகிறவர்கள் வளிமம் என்று எழுதினால் வரிசை பொருந்தும். திரவம் என்று எழுதுகிறவர்களுக்கு வாயு பொருந்தும். இரண்டும் சரியே. ஒரே பாடத்தில் இரண்டையும் கலந்து எழுதினால், இவை வேறு வேறு பொருள்களோ என்று பிள்ளைகள் குழம்பிப்போவார்கள். தேர்வுக்குப் பாடநூல் சொல்லையே பின்பற்றச் சொல்லுங்கள்.

ஆவிக்கும் வாயுவுக்கும் உள்ள வேறுபாட்டைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். சூட்டைக் குறைக்காமல் அழுத்தம் கொடுத்தே திரவமாக்கிவிட முடிந்தால் அது ஆவி. எவ்வளவு அழுத்தினாலும் திரவமாகாது என்றால் அது வாயு. இந்த எல்லையை மாறுநிலை வெப்பநிலை என்கிறோம். தண்ணீருக்கு அது 374 டிகிரி, ஆக்சிஜனுக்கு மைனஸ் 118, கார்பன் டை ஆக்சைடுக்கு 31. ஆகவே இலக்கணப்படி பார்த்தால், கார்பன் டை ஆக்சைடு மதுரைச் சித்திரை வெயிலில் வாயு, கொடைக்கானல் குளிரில் ஆவி. அலுவலகச் சுவரில் தொங்கும் கார்பன் டை ஆக்சைடு தீயணைப்பானுக்குள் மார்கழியில் திரவம் தனியாகத் தேங்கியிருக்கும். சித்திரையில் அறையின் சூடு 31-ஐத் தாண்டிவிட்டால் உள்ளே திரவம் என்று தனியாக எதுவும் இராது.

வெள்ளையாகத் தெரிவதையெல்லாம் ஆவி என்று சொல்லும் வழக்கமும் இருக்கிறது. நீராவி கண்ணுக்குத் தெரியாது. இட்லிப் பானையின் துளைக்கு மிக அருகே ஒன்றும் இல்லாததுபோல் ஓர் இடைவெளி இருக்கும். உண்மையான நீராவி இருப்பது அங்கேதான். அதற்கு மேலே வெள்ளையாகச் சுருள்வது, குளிர்ந்து திரண்ட நீர்த்துளிகள். புகையும் அப்படியே. அதில் வாயுவோடு நுண்ணிய திண்மத் துகள்களும் கலந்திருக்கும்.

தனித்தனி வாயுக்களுக்குப் பெயர் வந்த வழியைப் பார்த்தால் நம் கலைச்சொல் சண்டைகளின் சூடு கொஞ்சம் தணியும். 'கேஸ்' என்ற சொல்லே மக்கள் வழக்கில் இருந்து வந்தது அல்ல. ஃபான் ஹெல்மாண்ட் என்ற பெல்ஜிய நாட்டு மருத்துவர் 17-ஆம் நூற்றாண்டில் 'கேயாஸ்' என்ற கிரேக்கச் சொல்லைத் தழுவிப் படைத்தது. லவாய்சியே ஆக்சிஜனுக்கு வைத்த பெயருக்கு 'அமிலத்தை ஆக்குவது' என்று பொருள். எல்லா அமிலங்களிலும் ஆக்சிஜன் உண்டு என்று அவர் நம்பினார். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் அது இல்லவே இல்லை என்பது பின்னால் தெரிந்தது. அதற்குள் பெயர் நிலைத்துவிட்டது. நாம் அதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்திருந்தால் அந்தப் பிழையையும் சேர்த்து இறக்குமதி செய்திருப்போம். உயிர்வளி, பிராணவாயு என்ற பெயர்கள் அந்தப் பிழைக்குத் தப்பியவை. ஆனால் பிராணன் என்பது சித்த மருத்துவம் உடலுக்குள் சொல்லும் பத்து வாயுக்களில் ஒன்று. அது வேறு, ஆக்சிஜன் வேறு என்பதை வகுப்பில் ஒருமுறையாவது சொல்லிவிட வேண்டும்.

நைட்ரஜன் கதை இன்னும் சுவையானது. லவாய்சியே அதற்கு இட்ட பெயர் 'அசோட்', உயிரற்றது என்று பொருள். அதை மட்டும் சுவாசித்தால் உயிர் தங்காது என்பதால் வைத்தார். நம் விவசாயிகள் அதே தனிமத்தைத் தழைச்சத்து என்கிறார்கள். யூரியா மூட்டையில் 46 விழுக்காடு என்று அச்சிட்டிருப்பது அதைத்தான். ஒன்று காற்றில் சும்மா இருக்கும் வாயுவைப் பார்த்து வைத்த பெயர். மற்றது மண்ணில் சேர்ந்து பயிரைத் தழைக்கவைக்கும் சத்தைப் பார்த்து வைத்த பெயர். அதனால் தழைச்சத்து என்பதை வாயுவின் பெயராக எழுத முடியாது.

ஹீலியத்தின் கதை நம் பக்கத்தில் தொடங்குகிறது. 1868 ஆகஸ்ட் 18-இல் முழுச் சூரிய கிரகணம் வந்தபோது, அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த குண்டூரில் இருந்து பிரெஞ்சு வானியலாளர் ஜான்சன் சூரியனின் ஒளிநிறமாலையை ஆராய்ந்தார். சூரிய ஒளியில் கண்ட ஒரு மஞ்சள் கோடு புதுத் தனிமம் ஒன்றைக் காட்டியது. பூமியில் அதை ராம்சே பிரித்தெடுத்தது 1895-இல்தான். ஹீலியம், ஆர்கான் குடும்பத்தை மந்த வாயுக்கள் என்கிறோம். 1962-இல் நீல் பார்ட்லெட் செனானை வினைபுரிய வைத்த பிறகு 'மந்தம்' என்ற பெயர் முழுக்கப் பொருந்தவில்லை. இருந்தாலும் வழக்கில் நிலைத்துவிட்டது, மாற்றத் தேவையில்லை.

தமிழில் வேதியியல் எழுதுவதற்கு நீண்ட வரலாறு உண்டு. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மருத்துவம் கற்பித்த சாமுவேல் ஃபிஸ்க் கிரீனின் முயற்சியில் 1875-இல் 'கெமிஸ்தம்' என்ற நூல் வந்தது. 1916-இல் ராஜாஜியும் நண்பர்களும் சேலத்தில் தமிழ் சாஸ்திர பரிபாஷைச் சங்கம் என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். இன்று இலங்கைப் பாடநூல்களில் ஒட்சிசன், ஐதரசன், காபனீரொட்சைட்டு என்று இருக்கும். காபனீரொட்சைட்டில் இரண்டு ஆக்சிஜன் அணு, காபனோரொட்சைட்டில் ஒன்று என்பது பெயரிலேயே தெரிந்துவிடுகிறது. நம் பழைய 'கரியமில வாயு'வில் அந்த வசதி இல்லை. கரியில் இருந்து வருகிற வாயு எல்லாம் கரியமில வாயு என்று நினைத்துவிட இடம் கொடுக்கிறது. மூடிய அறைக்குள் குளிர் காயக் கரியடுப்பு வைத்துத் தூங்குகிறவர்களைக் கொல்வது பெரும்பாலும் கார்பன் மோனாக்சைடு. நிறமில்லை, மணமில்லை. ரத்தத்தின் ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் வலுவாகப் பற்றிக்கொள்ளும். அதன் பெயரைத் தனியாகத் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

மூன்றாவது கேள்விக்கும் இதிலிருந்தே பதில் தொடங்குகிறது. 'விஷவாயு' என்று ஒரு வாயு கிடையாது. குறைந்தது நான்கு வேறு ஆபத்துகளை அந்த ஒரே சொல்லுக்குள் போட்டு மூடிவிடுகிறோம்.

கழிவுநீர்த் தொட்டியில் முதல் எதிரி ஹைட்ரஜன் சல்பைடு. அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும், அதை நம்பி எச்சரிக்கையாக இருந்துவிடலாம் என்று நினைத்தால் அங்கேதான் ஆபத்து. காற்றில் பத்து லட்சத்துக்கு நூறு பங்கு சேர்ந்துவிட்டாலே மூக்கு மரத்துப்போகும். நாற்றம் நின்றுவிட்டது என்று ஆள் உள்ளே இறங்குவார். ஆலையில் சாற்றை வெளுக்கக் கந்தகம் எரிக்கும்போது வரும் சல்பர் டை ஆக்சைடு இப்படி இல்லை. இருமலும் கண்ணெரிச்சலும் தந்து ஆளை விரட்டிவிடும்.

இரண்டாவது மீத்தேன். அது நேரடி நஞ்சு அல்ல. ஆக்சிஜனின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். காற்றில் 5 முதல் 15 விழுக்காடு வரை கலந்திருக்கும்போது ஒரு பொறி பட்டால் வெடிக்கும். மூன்றாவது கார்பன் டை ஆக்சைடு. காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம் என்பதால் கிணற்றின் அடியிலும், மொலாசஸ் புளிக்கும் தொட்டியிலும் தேங்கி நிற்கும்.

நான்காவது, எந்த நஞ்சும் இல்லாமலே வரும் சாவு. பல ஆண்டு இறைக்காத கிணற்றில் இலை தழை மக்கும்போது ஆக்சிஜன் செலவாகிவிடும். காற்றில் 21 விழுக்காடு இருக்க வேண்டிய ஆக்சிஜன் 19.5-க்குக் கீழே போனாலே அந்த இடத்தை ஆபத்தானதாகக் கொள்ள வேண்டும். 10-க்குக் கீழே நினைவு தப்பும். 6-க்குக் கீழே சில நிமிடங்களில் உயிர் போகும். மூச்சு முட்டுவதுகூடத் தெரியாது. மூச்சுத் திணறலை உணர்த்துவது முக்கியமாக உடலில் சேரும் கார்பன் டை ஆக்சைடு, ஆக்சிஜன் குறைவு அல்ல. இறங்கியவர் ஒரு சத்தமும் போடாமல் சாய்வார். அதைப் பார்த்து மேலே நிற்பவர் பதறி இறங்குவார், அவரும் சாய்வார். ஒரே கிணற்றில் மூன்று பேர் என்று செய்தி வருவது இப்படித்தான்.

விளக்கைக் கட்டி இறக்கிப் பார்க்கும் பழைய வழக்கம் இதில் பாதிதான் உதவும். ஆக்சிஜன் குறைந்தால் சுடர் அணையும், அது சரி. ஆனால் ஆளைக் கொல்லும் அளவு ஹைட்ரஜன் சல்பைடு இருந்தாலும் சுடர் எரிந்துகொண்டே இருக்கும். மீத்தேன் இருந்தாலோ சுடரே வெடிக்கு வத்தியாகிவிடும். வாயு அளக்கும் கருவி, காற்று செலுத்தும் பம்பு, மேலே ஆள் பிடிக்கும் கயிறு, சுவாசக் கருவி இவை இல்லாமல் யாரும் இறங்கக் கூடாது. எட்டிப் பார்க்கக்கூடத் தலையை உள்ளே விடக் கூடாது. கழிவுநீர்த் தொட்டியில் பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் ஆளை இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது. வீட்டுக்காரர் தெரியாமல் செய்தேன் என்று சொல்லித் தப்ப முடியாது.

உங்களுக்கு என் தீர்ப்பு இதுதான். வாயுவா வளிமமா என்று வகுப்பில் நேரம் செலவழிக்க வேண்டாம், எதையாவது ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். எந்த வாயு, எவ்வளவு என்ற இரண்டையும் மட்டும் விடாமல் கேட்கப் பழக்குங்கள். வெற்றிடம் என்று எழுதினால் அழுத்தம் எவ்வளவு என்று எழுதச் சொல்லுங்கள். செய்தியில் 'விஷவாயு' என்று படித்தால் எது என்று கேட்கச் சொல்லுங்கள். முக்கியமாக, கிணற்றுக்குள்ளோ தொட்டிக்குள்ளோ ஒருவர் சாய்ந்து கிடப்பதைப் பார்த்தால் பின்னாலேயே குதிக்காமல் 112-ஐ அழைத்துத் தீயணைப்புப் படையை வரவழைக்க வேண்டும் என்பதை ஒவ்வொரு பிள்ளையும் வீட்டில் போய்ச் சொல்லும்படி செய்யுங்கள்.